திருகாணித் துளைகள்

பிரேயஸ் துறைமுகத்துக்குப் பின்னால்
நான்காம் தெருவில்
அந்தக் கட்டடத்தின் படிக்கட்டைக் கழுவும் வேலை
தற்செயலாய் வாய்த்ததல்ல.
கேட்டு வாங்கினேன்.

மூன்றாம் மாடியில் ஒரு கதவு.
கதவில் பித்தளைப் பலகை.
என் தம்பியை ஏற்றிப்போன கப்பலின் சொந்தக்காரர்கள்
அதற்குப் பின்னால்தான் இருக்கிறார்கள் என்றாள்
வழக்கறிஞர் ஸ்தமாத்தியா.
துடைக்கப் போனபோது பார்த்தேன்:
ஒரு மேசை, ஒரு தொலைபேசி,
யாரும் தண்ணீர் ஊற்றாத செடி.

ஓத்தார் அவன் பெயர்.
கருங்கடலோரம் போத்தி எங்கள் ஊர்.
பிஸ்கே வளைகுடாவில் ஒரு டிசம்பர் இரவு
பத்தொன்பது பேரோடு கப்பல் சாய்ந்தது.
ஆறு பேர் உயிரோடு வந்தார்கள்.
நான்கு பேர் உடலாக.
மிச்சம் ஒன்பது என்றது வானொலி,
கடைக்காரன் சில்லறை சொல்வதுபோல.

கப்பலுக்கு அது நான்காவது பெயராம்.
சாயத்துக்கு அடியில்
பழைய மூன்றும் புடைத்துத் தெரியும் என்று
ஓத்தாரே ஒருமுறை சொல்லியிருக்கிறான்.
கொடி ஒரு தீவினுடையது.
அந்தத் தீவை அவனும் பார்த்ததில்லை, கப்பலும் பார்த்ததில்லை.

வங்கிக்கு அவன் உயிரோடிருக்கிறான்.
ஏஜென்டுக்குக் கொடுக்க வாங்கிய கடனுக்கு
மாதாமாதம் அவன் பெயருக்கே கடிதம் வருகிறது.
நிறுவனத்துக்கு அவன் பிறக்கவே இல்லை;
ஒப்பந்தம் போட்ட ஏஜென்சி கடையை மூடிவிட்டது.
வழக்குத் தொடுக்கவோ
அவன் செத்திருக்க வேண்டும்.
படிவத்தில் ஒரு கட்டம்: இறந்த தேதி.
பேனாவைத் திறந்தேன். மூடினேன்.
திறந்தேன்.
ஸ்தமாத்தியா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

விசாரணை நாளில்
என் தம்பி இடதுகைக்காரன்,
வெந்நீரில்கூடச் சர்க்கரை போடுகிறவன்,
நாற்பத்திமூன்று அளவுச் செருப்புப் போடுகிறான் என்றேன்.
மொழிபெயர்ப்பாளன் தெமூரி
என் ஊர்க்காரன்தான், நல்லவன்தான்.
ஆனாலும் ஒவ்வொரு 'போடுகிறா'னையும்
'போட்டா'னாக்கினான்.
கிரேக்கம் ஓரளவு எனக்குப் புரியும் என்பது
அவனுக்குத் தெரியாது.

பிறகு அந்தக் குரல்பதிவு.
நாற்பத்தொரு விநாடி.
"மூன்றாம் அறை மூடி சரியாக உட்காரவில்லை, லாமாரா.
கயிறு போட்டுக் கட்டியிருக்கிறோம்.
கயிறு!"
அதன்பின் சிரிக்கிறான்.
மூக்கால் தொடங்கி இருமலில் முடியும் சிரிப்பு.
பிறகு, "அம்மாவிடம் சொல்லாதே."

தெமூரி சொல்லச் சொல்ல
எழுத்தர் தட்டச்சு செய்தாள்.
மூடி வந்தது, கயிறு வந்தது,
அம்மா வந்தாள்.
சிரிப்பு வரவில்லை.

எழுந்து நின்றேன்.
அவன் சிரித்தான், அதையும் எழுதுங்கள் என்றேன்,
எனக்குத் தெரிந்த உடைந்த கிரேக்கத்தில்.
எதிர்த்தரப்பு வழக்கறிஞர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.
சிரித்தவன் ஆபத்தை உணரவில்லை என்று
நாளை இவர் வாதாடக்கூடும்,
உட்கார் என்று ஸ்தமாத்தியா என் கையை இழுத்தாள்.
உட்காரவில்லை.
பயந்தால் அவன் சிரிப்பான்.
பதினோரு வயதில் நாய் துரத்தியபோதும்
அப்படித்தான் சிரித்துக்கொண்டே ஓடினான்.

நீதிபதி கண்ணாடியைக் கழற்றினார்.
"இருபத்தெட்டாம் விநாடியில்
சாட்சி சிரிக்கிறார் என்று பதிவு செய்யுங்கள்."

சிரிக்கிறார்.
தெமூரி அதை மொழிபெயர்க்கவில்லை.
தேவையும் இருக்கவில்லை.

வழக்கு பிப்ரவரிக்குத் தள்ளிப்போனது.

மறுநாள் விடியலில்
வாளியோடு மூன்றாம் மாடி ஏறினேன்.
கதவில் புதுப் பலகை. புதுப் பெயர்.
பழையதைவிடச் சிறியது.
நான்கு மூலைக்கு வெளியே
நான்கு துளைகள்,
நடுவே வெயில் படாத மரத்தின் நிறத்தில்
ஒரு செவ்வகம்.

படம் எடுத்து ஸ்தமாத்தியாவுக்கு அனுப்பினேன்.
உடனே பதில் வந்தது:
"அளந்து வை. மூட விடாதே."

வாளியில் தண்ணீர் ஆறிக்கொண்டிருந்தது.
தீக்குச்சி ஒன்றை உடைத்து
துளைகளில் படிந்திருந்த மரத்தூளை
ஒவ்வொன்றாக
நோண்டி எடுத்தேன்.